டீ நேரத்து ஆட்டம்

அந்த வருடம் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. டீ கொண்டுவரும் அந்தப் பெண்ணிடம், என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட வேண்டும். ஆனால் அவளிடம் நான் அதுவரை பேசியதெல்லாம் "சக்கரை கம்மியா" என்பது மட்டும்தான். அதுவும் பொய். எனக்குச் சர்க்கரை தூக்கலாக இருந்தால்தான் டீ. முதல் நாள் ஏதாவது பேச வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் அதை மறக்கவே இல்லை. நான் தினமும் கசப்பாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. புவனகிரி போகும் ரோட்டில் பங்ச்சர் கடை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்ததால், கீரப்பாளையத்தில் ஒரு வீட்டில் என் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ளைக்குப் பேச்சு வரும் இல்ல?" என்று கேட்டுவிட்டார்கள். அக்கா அங்கேயே சண்டைக்கு நின்றாள். நான் அந்தச் சண்டையின்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அக்கா யாரையும் பார்க்கவில்லை.

டீக்காரப் பெண்ணை எனக்குத் தெரிய வந்தது ஒரு கருங்கல் பலகையால்.

ஒரு நாள் காலையில் கடைக்கு ஒரு மேடம் ஸ்கூட்டரில் வந்தார். வண்டியில் ஒரு குறையும் இல்லை.

"பழைய டியூப் இருக்குமாண்ணே? ஓட்டை இல்லாததா?"

"எந்த வண்டிக்கு மேடம்?"

"வண்டிக்கு இல்ல. மேஜைக்கு."

பின் சீட்டில் உட்கார்ந்திருந்த இளைஞன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். மேடத்திடம் ஆராய்ச்சி செய்கிறவன் அவன். கம்மாபுரம் பக்கத்து ஆள். பார்த்த நிமிடத்திலேயே என்னை 'மாமா' ஆக்கிக்கொண்டான். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறான்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் மேடம் இயற்பியல் நடத்துகிறார். அங்கே கீழ்த்தளத்தில் மூலையில் ஒரு அறை. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். நடுவில் மூன்று பேர் சேர்ந்தால்தான் நகரக்கூடிய கருங்கல் பலகை. அதன் அடியில் டியூப் வைக்க வேண்டும். நான் டியூப்களை வைத்து, என் தொழில் சுத்தத்தைக் காட்டுகிற மாதிரி, கல் போலக் காற்றடித்தேன். மேடம் பலகையின் மேல் ஒரு சிவப்பு விளக்கைப் போட்டார். அந்த ஒளி நூல் மாதிரி போய், ஒரு கண்ணாடித் துண்டில் பட்டு இரண்டாகப் பிரிந்து, ஒன்று நேராகவும் ஒன்று பக்கவாட்டிலும் போய், அங்கங்கே இருந்த கண்ணாடிகளில் திரும்பி வந்து ஒன்றாகச் சேர்ந்தது. எதிர்ச் சுவரில் சிவப்பும் கறுப்புமாக வளையங்கள். குளத்தில் கல் போட்டால் வருமே, அந்த மாதிரி. ஆனால் அந்த வளையங்கள் நிற்கவே இல்லை. காய்ச்சல் வந்தவன் உடம்பு போல உதறிக்கொண்டே இருந்தன.

"ரோட்டுக்கு அடிக்கிற காத்து அடிச்சிட்டீங்கண்ணே" என்றார் மேடம். "இந்த மேஜை எங்கயும் போவாது. தொளதொளன்னு இருக்கட்டும்."

காற்றை இறக்க இறக்கப் பலகை தண்ணீரில் மிதப்பது போல ஆனது. வளையங்கள் மெல்ல அடங்கின. நான் வாயைப் பிளந்து நின்றேன். எதற்கு இதெல்லாம் என்று கேட்க நாக்கு வரவில்லை. நல்லவேளை, அந்த இளைஞனுக்கு யாரும் கேட்க வேண்டிய தேவையே கிடையாது.

"மாமா, வானத்துல ரொம்ப தூரத்துல ரெண்டு கருந்துளை ஒண்ண ஒண்ணு சுத்திச் சுத்தி வந்து மோதிக்கும். மோதுனா இடமே நடுங்கும். இடம்னா நாம நிக்கிற இந்த இடம்தான். அந்த நடுக்கம் அலையா இங்க வரும்போது ஒரு பக்கம் கொஞ்சம் நீளும், இன்னொரு பக்கம் கொஞ்சம் சுருங்கும். அதப் புடிக்கத்தான் இந்த மாதிரி கருவி."

"இது புடிக்குமா?"

"இதா?" என்று சிரித்தான். "இது பொம்ம மாமா. நெசக் கருவிக்கு ஒவ்வொரு கையும் கிலோமீட்டர் கணக்குல நீளம். மகாராஷ்டிரத்துல ஒண்ணு கட்டப் போறாங்க. அலை வந்தா கண்ணாடி நகர்றது ஒரு அணுவோட நடுவுல இருக்கற கருவ விடச் சின்ன தூரம். அவ்ளோ சின்னது தெரியணும்னா மத்த ஆட்டம் எல்லாத்தையும் ஒழிக்கணும். லாரி போனா ஆடும், காத்தடிச்சா ஆடும். அந்த ஆட்டத்தத் தொரத்தப் பழகத்தான் இந்தப் பொம்ம."

மற்ற சத்தத்தை ஒழித்தால்தான் சின்னது கேட்கும். இந்த ஒரு விஷயம் எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் அதிகம் பேசாதவன். எங்கள் வீட்டில் யார் எந்த அறையில் மூக்கை உறிஞ்சினாலும் எனக்குக் கேட்கும்.

மதியத்துக்கு மேல் கடையில் வேலை குறைவு என்பதால், மேடம் என்னைத் தினமும் வரச் சொன்னார். கம்பி கட்டுவது, பெட்டி அடிப்பது, பலகையைத் தூக்குவது. முதல் நாள் நான்கு மணி வாக்கில் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஒரு கையில் டீ கேன், ஒரு கையில் வடைப் பொட்டலம்.

"இன்னா மேடம், புது ஆளா? இவருக்கும் சேத்து ஊத்தட்டா? ஏங்க, உங்களத்தான். டீ குடிப்பீங்களா, பாத்துக்கிட்டேதான் இருப்பீங்களா?"

அப்போதுதான் அந்தச் சர்க்கரைப் பொய்யைச் சொன்னேன்.

அவள் கடலூர்க் கடற்கரையில் ஒரு மீனவக் கிராமத்துக்காரி. புருஷன் இறந்து பல காலமாகிவிட்டது. சிதம்பரத்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு கல்லூரிக்கு எதிரே டீக்கடை போட்டிருந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. அவள் வாய்க்குப் பயந்து கடன் கேட்கிறவன் கூடப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். எனக்கு அந்த வாயைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. அவள் பேசுவதை நான் கேட்டால் இரண்டு பேருக்கும் கணக்குச் சரியாகிவிடும் என்று தோன்றியது. இதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் அவள் மேடத்திடம் சொன்னாள்: "பொங்கலோட கடைய மூடுறேன் மேடம். எங்க அண்ணன் ஊருக்கு வந்துருங்கிறாரு. கருவாட்டுக் கடை வச்சித் தர்றாராம்." மேடம் அய்யய்யோ என்றார். என் கையில் இருந்த வடை பிய்ந்து டீக்குள் விழுந்தது.

அதிலிருந்து என் தலைக்குள் பொங்கல் ஒரு பஸ் மாதிரி வந்துகொண்டே இருந்தது.

இதற்கிடையில் மேஜை நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டே போனது. காற்று படாமல் பலகைக்கு மேல் கண்ணாடிப் பெட்டி போட்டோம். மின்விசிறியை நிறுத்தினோம். வேர்த்து ஊற்றியது. அடுத்து, கண்ணாடிகளை நிற்க வைக்காமல் தொங்க விட்டோம். மேடம் ஒரு நூலில் பூட்டைக் கட்டி என்னிடம் காட்டினார். நூலைப் பிடித்த கையை மெதுவாக அசைத்தால் பூட்டும் கூடவே வந்தது. கையை வெடவெடவென்று ஆட்டினாலோ, பூட்டு எனக்கென்ன என்று அப்படியே நின்றது. "வேகமா வர்ற ஆட்டம் கீழ எறங்காது. அதுக்குக் கீழ இன்னொரு ஊஞ்சல் கட்டுனா இன்னும் எறங்காது. மெதுவா வர்ற ஆட்டம்தான் தொல்ல" என்றார். நாங்கள் ஊஞ்சலுக்குக் கீழே ஊஞ்சல் கட்டினோம். ஒல்லிக் கம்பியில் நான் முடிச்சுப் போட்டேன். அறுந்தது. மறுபடி போட்டேன். மறுபடி அறுந்தது. மேடம் வேறு கம்பி வாங்கிவந்தார்.

கடைசியில் கம்பி நின்றது. அன்றைக்கு விளக்கைப் போட்டபோது சுவரில் வளையங்கள் படம் வரைந்து ஒட்டியது போல நின்றன. மூன்று பேரும் மூச்சு விடவில்லை. ரயில் போனது. வளையம் சின்னதாக ஒரு சிணுங்கல் சிணுங்கிவிட்டு அடங்கியது. இளைஞன் என்னைத் தூக்கிச் சுற்றினான். அவன் குதித்த குதியில் வளையங்கள் எல்லாம் கலைந்து போய்விட்டன. மேடம், "வெளிய போய்க் குதிடா" என்று துரத்தினார். வெளியே போய்க் குதித்தான்.

அவர்கள் அதோடு விடவில்லை. எந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். பம்பு செட் மோட்டார் ஒன்று. மாடியில் பெஞ்சை இழுப்பது ஒன்று. எப்போதும் மெதுவாக மூச்சு விடுவது போல ஒன்று இருந்தது. அது கடல் என்றார் மேடம். அலை கரையில் அடிப்பது தரை வழியாக இவ்வளவு தூரம் வருமாம். டீ ஊற்றிக்கொண்டிருந்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க கடலா? அது அங்க அது பாட்டுக்குக் கெடக்குது. அது மேல பழியப் போடாதீங்க மேடம்."

"பழி இல்லம்மா. உலகத்துல எல்லா எடத்துலயும் இது உண்டு."

"அப்ப வேற எடத்துக் கடலச் சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அட, டியூப்புக்காரருக்குச் சிரிக்கத் தெரியுது!" என்றாள். அன்று வீட்டுக்கு மொபெட்டில் போகும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். எதிரே வந்தவர் ஒருவர் தெரிந்தவன் என்று நினைத்து எனக்குக் கையைக் காட்டினார். நானும் காட்டினேன்.

எல்லாவற்றையும் பிடித்த பிறகு ஒரே ஒரு ஆட்டம் மட்டும் பிடிபடாமல் நின்றது. நான்கு மணி வாக்கில் வரும். ஒரே சீராக, தையல் மிஷின் ஓடுவது போல வளையங்களை உலுக்கும். கால் மணி நேரத்தில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வராது. இளைஞன் தலையைப் பிய்த்துக்கொண்டான். ரயில் நேரத்தைப் பார்த்தான், ஜெனரேட்டரைப் பார்த்தான், பக்கத்து மாவு மில்லுக்குப் போய்க்கூடப் பார்த்துவிட்டு வந்தான். கடைசியில் ஒரு நாள் கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னான்: "மேடம், டீ வர்றப்பதான் வருது. டீ போனா போயிடுது. அந்தக்கா நடக்கறதுதான்."

மறுநாளிலிருந்து டீ கேன் வாசலிலேயே நின்றது. வாட்ச்மேன் வாங்கி உள்ளே கொண்டுவந்து வைப்பார். நான்கு மணி ஆனது, வளையங்கள் அசையவில்லை. ஐந்து ஆனது, அசையவில்லை. மேடமும் இளைஞனும் கை குலுக்கிக்கொண்டார்கள். மேஜை இதற்கு முன் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்றார்கள். நான் மூலையில் என் ஸ்டூலில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்துவிட்டது. அவளைப் பார்க்கக்கூட வழியில்லை. அவள் கடைக்கே போய் நிற்கலாம்தான். இரண்டு தடவை எதிரே வரைக்கும் போனேன். இரண்டு தடவையும் பக்கத்துக் கடையில் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன். நான் பீடி சிகரெட் பிடிப்பதில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். நான்கு மணிக்குக் கதவு படாரென்று திறந்தது.

"யாரு என்னைய உள்ள வரக் கூடாதுன்னது?"

இளைஞன் எழுந்து நின்றான். "தப்பா நெனைக்காதீங்கக்கா. நீங்க நடந்தா தரை ஆடுது."

"நான் நடந்தா தரை ஆடுதா? நான் இன்னா தேரா?"

"யார் நடந்தாலும் ஆடும்மா" என்று மேடம் சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"அப்ப என்னைய மட்டும் ஏன் வாசல்ல நிறுத்துனீங்க? தோ, இந்தத் தம்பி எருமக்கடா மாதிரி நடக்குது. அதக் கேக்க நாதியில்ல. வாட்ச்மேன் சிரிக்கறான். நான் குண்டுன்னு காலேஜ் பூரா பேச்சு. இப்பவே நடக்கறேன். பாத்துச் சொல்லுங்க."

கேனைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். எல்லோரும் சுவரைப் பார்த்தோம். வளையங்கள் தையல் மிஷின் போல ஆடின.

"பாத்தீங்களாக்கா?" என்றான் இளைஞன் பாவமாக.

அவள் முகம் விழுந்துவிட்டது. நடப்பதை நிறுத்திவிட்டு நின்றாள். ஆனால் வளையங்கள் நிற்கவில்லை. அதே சீராக ஆடிக்கொண்டே இருந்தன.

"நான் நின்னுட்டேனே" என்றாள் அவள்.

இளைஞன் தரை அதிர்வைக் காட்டும் சின்ன டப்பாவை எடுத்து அவள் காலடியில் வைத்தான். கம்ப்யூட்டரில் கோடு லேசாக நெளிந்தது. கதவுப் பக்கம் வைத்தான், இன்னும் குறைந்தது. பலகைப் பக்கம் வைத்தான், கூடியது. டப்பாவை நகர்த்தி நகர்த்தி, குனிந்தபடியே என் பக்கம் வந்தான். என் ஸ்டூலுக்கு அடியில் வைத்ததும் கோடு கம்ப்யூட்டரின் மேலேயும் கீழேயும் முட்டிக்கொண்டது.

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் வலது காலைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சத்தியமாக அப்போதுதான் பார்த்தேன். குதிகால் தரையில் படாமல் முட்டி தானாக ஆடிக்கொண்டிருந்தது. என் ஸ்டூலின் ஒரு கால், டியூப்களைத் தாங்கும் மரச் சட்டத்தின் மேல் ஏறி நின்றிருந்தது. அதுவும் எனக்குத் தெரியாது.

"மாமா!" என்றான் இளைஞன். "நீங்களா!"

உட்கார்ந்து காலை ஆட்டினால் குடும்பம் விளங்காது என்று எங்கள் பக்கம் பிள்ளைகளைத் தொடையில் அடித்து வளர்ப்பார்கள். என்னையும் அடித்துத்தான் வளர்த்தார்கள். அந்தப் பழக்கம் போய்விட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

மேடம் என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார். அவளை மறுபடி நடக்கச் சொன்னார். அவள் இந்தத் தடவை வேண்டுமென்றே தொம்தொம்மென்று நடந்தாள். ஒவ்வொரு மிதிக்கும் வளையங்கள் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து அடங்கின. தையல் மிஷின் வரவில்லை. "அவ்ளோதான்! அவ்ளோதான் நீங்க!" என்று இளைஞன் கத்தினான். "மன்னிச்சுருங்கக்கா." அவள் வாட்ச்மேனைக் கூப்பிட்டு வந்து அவரையும் பார்க்க வைத்தாள்.

பிறகு நேராக வெளியே என்னிடம் வந்தாள். இடுப்பில் கை.

"டியூப்புக்காரரே, நான் வந்தா மட்டும் ஏன் ஆடுது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"தரையில ஒண்ணும் எழுதியில்ல. என்னையப் பாத்துச் சொல்லுங்க. உங்களால ஒரு வாரமா நான் தேருன்னு பேரு வாங்கியிருக்கேன்."

"பயம்" என்றேன்.

"நான் இன்னா கடிக்கவா போறேன்?"

"பொங்கலோட நீங்க ஊருக்குப் போயிருவீங்கன்னு பயம்."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. உள்ளே யாரோ எதையோ கீழே போட்டார்கள். அவள் ஒரு முழு நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. அவளை அறிந்தவர்கள் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்வார்கள்.

"அதுக்கு?" என்றாள் பிறகு. குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"கட்டிக்கலாம்னு..."

"யாரு யார?"

"நான்... உங்கள."

அவள் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "எனக்கு எங்க அண்ணன்தான் எல்லாம்" என்றாள். "அவரு சரின்னா சரி. ஆனா அவரு வாயில்லாத ஆளுக்குப் பொண்ணு தர மாட்டாரு. காணும் பொங்கலுக்கு வாங்க." இரண்டு அடி போய்த் திரும்பினாள். "வெறுங்கையோட வந்துராதீங்க."

கதவுக்குப் பின்னால் மேடமும் இளைஞனும் ஒருவர் தோள் மேல் ஒருவர் சாய்ந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சோர்ஸ் கெடச்சாச்சு மேடம்" என்றான் இளைஞன். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் ஸ்டூலை அன்றே வராண்டாவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அந்த மேஜை இன்னும் நன்றாக வந்ததாகவும், அதைக் காட்டித்தான் இளைஞனுக்கு வடக்கே நிஜக் கருவியில் வேலைக்கு வழி கிடைத்ததாகவும் மேடம் சொல்வார். நான் அப்போது அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. கரும்புக் கட்டு ஒன்றும் பூசணிக்காய் ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் அண்ணனிடம் பேச வேண்டியதை ஆளில்லாத கடையில் டயர்களிடம் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.

காணும் பொங்கலன்று கடலூருக்குப் பஸ் ஏறினேன். ஊர் முழுக்கக் கடற்கரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கரும்பு பஸ்ஸில் பாதிப் பேரைக் குத்தியது.

அவள் அண்ணன் என்னைவிட இரண்டு மடங்கு அகலம். கரும்பை வாங்கி ஒரு பக்கம் சாத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கச்சி சொல்லுச்சு. நீ நெல்லு வெளையற ஊரு. நாங்க கடக்கர. அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. ஆளப் பாக்கணும். வா, போட்டுல ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

நான் அதுவரை வெள்ளாற்றில்கூட இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை. ஃபைபர் போட்டில் என்னை ஏற்றி, அவரே தள்ளி, தாவி ஏறி எஞ்சினைப் போட்டார். முதல் அலையில் போட்டு செங்குத்தாக எழுந்தது. நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். டயர்களிடம் பழகிய பேச்சு எல்லாம் தண்ணீரில் போய்விட்டது. கரையில் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி அந்த ஊரே நின்றது.

"எந்தங்கச்சிக்கு வாயி ஜாஸ்தி" என்று அண்ணன் எஞ்சினுக்கு மேல் கத்தினார். "தாங்குவியா?"

"தாங்குவேன்" என்றேன்.

"இன்னா?"

"தாங்குவேன்!"

"கேக்கல! எதுக்கு வந்தே, அதச் சொல்லு!"

அடுத்த அலை எங்களைத் தூக்கியது. உயிர் போனாலும் போகட்டும் என்று, பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த சத்தம் முழுவதையும் எடுத்தேன்.

"உங்க தங்கச்சியக் கட்டிக்க வந்தேன்!"

அவர் சரியாக அந்த நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டார். வேண்டுமென்றேதான் நிறுத்தினார் என்று பிறகு தெரிந்தது. என் குரல் தண்ணீர் மேல் ஓடிக் கரையில் போய் விழுந்தது. சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள், ராட்டினத்தில் இருந்தவர்கள், எல்லோரும் திரும்பினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

"கேட்டுருச்சு!" என்று கரையிலிருந்து அவள் கத்தினாள். "கத்தாதீங்க! பாண்டிச்சேரி வரைக்கும் கேட்டுருச்சு!"

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே காலையில் தின்ற பொங்கலும் வந்தது. போட்டின் ஓரத்துக்குப் பாய்ந்தேன். விழுந்துவிடாமல் அவர் என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"புடிச்சிக்கினேன்" என்றார். "பயப்படாம எடு மாப்ள."